சந்தனம் மணத்த ஆம்ப்ளிபையர்

உங்கள் பெரியம்மா சரோஜா, மாசாயில் நம் வீட்டுக் கார் போர்ச்சில், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் கிடார். எதிரே மேசைமேல் அந்தப் பழைய ஆம்ப்ளிபையர் சூடாகிக்கொண்டிருந்தது.

பின்பலகையை நான் கழற்றி வைத்திருந்தேன். உள்ளே கண்ணாடி வால்வுகள் குட்டி பாட்டில்கள் மாதிரி நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னதாக ஒரு தணல். கொஞ்ச நேரத்தில் போர்ச் முழுக்கச் சந்தனம் மணந்தது.

“இந்த வாசனதான் தம்பி,” என்றார் பெரியம்மா. “கண்ண மூடிக்கிட்டு இருந்தாலும் நான் எந்த ஆம்ப்புல வாசிக்கிறேன்னு சொல்லிடுவேன்.”

ஒரு கம்பியை மட்டும் தொட்டார். அப்பா, அந்தச் சத்தம்! மணியடித்த மாதிரி புறப்பட்டு, தேன் மாதிரி இழுபட்டுப் போனது. அது முடிவதற்குள் ‘பட், பட், படபட’ என்று எண்ணெயில் கடுகு போல உள்ளே ஏதோ வெடித்தது. அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல்.

பெரியம்மா கிடாரைக் கீழே வைத்தார்.

“மாலினி கல்யாணத்துக்குள்ள சரியாவுமா, இல்லையா? ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் பேசாம பட்டுச்சேல கட்டிக்கிட்டு, பொண்ணோட அம்மாவா வாசல்ல நிக்கிறேன்.”

யாழினி, முகிலா, அப்போது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். கல்யாணத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டது மட்டும்தான் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஐஸ்கிரீமுக்கு முன்னால் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

மேடையில் ஒரு கிடார்

உங்களுக்குப் பெரியம்மா என்றால் பள்ளிக்கூடக் கேண்டீனில் நாசி லெமாக் சோறு கட்டித் தருகிறவர். எனக்கு முதன்முதலில் அவரைத் தெரிந்தது வேறு விதமாக.

உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போவதற்கும் முன்னால், ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவரைப் பார்த்தேன். மேடையில் ஏழெட்டு ஆண்கள். ஓரத்தில் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண். கூட்டத்தில் யாரோ, “கிடார் சும்மா ஷோவுக்கு லா, பின்னால டேப் ஓடுது” என்றார்கள். அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் மற்றவர்களைக் கையமர்த்திவிட்டுத் தனியாக வாசித்தார். டேப் என்று சொன்னவர் மெல்ல நழுவி, கச்சான் கடலை வாங்கப் போய்விட்டார்.

அவர் பக்கத்தில் இருந்த பெட்டி இதே ஆம்ப்தான். அதைப் பார்த்துக்கொண்டவர் உங்கள் பெரியப்பா வீரையா. தோட்டத்து மேனேஜர்களின் கிளப்பை மூடியபோது வெளியே போட்ட சாமான்களில் இது கிடந்ததாம். மோட்டார் சைக்கிளில் முன்னால் இதை வைத்து, தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாராம். இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துத்தான் அவர் பெரியம்மாவைக் கட்டினார் என்று உங்கள் அம்மா கேலி செய்வாள். பெரியம்மா அதை மறுத்ததே இல்லை.

பிறகு குழு கலைந்தது. பிள்ளை, வேலை, வீடு. ஆம்ப் அலமாரி மேலே ஏறியது.

மாலினி கல்யாணம் நிச்சயமானபோது அந்தப் பெண் அம்மாவிடம் நகை கேட்கவில்லை. “டின்னர்ல ஒரே ஒரு பாட்டு வாசிம்மா” என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு அதற்குள் விரல் மூட்டுகளில் வீக்கம் வந்துவிட்டது. காலையில் சுடுதண்ணீரில் கையை வைத்தால்தான் விரல் மடங்கும். இனிமேல் கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கேட்டதும் ஒரு பாட்டு, விரல்களில் மீதி இருந்ததும் ஏறக்குறைய அந்த ஒரு பாட்டுதான்.

அதற்கு இந்தப் பெட்டியேதான் வேண்டுமா என்று நானும் கேட்டேன். ஸ்கூடாயில் ஒரு நண்பரின் புது ஆம்ப்பை இரவல் வாங்கி வந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டுப் பெரியம்மா சொன்னார்: “இதுக்கு நான் கத்தணும் தம்பி. அதுக்கு நான் முணுமுணுத்தாலே போதும்.”

அது அலட்டல் இல்லை, பிள்ளைகளே. வால்வு ஆம்ப் விரலின் கனத்தைக் கேட்கும். மெதுவாகத் தொட்டால் பஞ்சு மாதிரி பேசும், கொஞ்சம் அழுத்தினால் தொண்டை கரகரக்கும். வலிக்கிற விரலுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பல்பு சொன்ன சேதி

நான் படித்தது மூன்றாம் பாரம் வரைக்கும். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் என் மின்சாரம். வால்வில் அதுவரை நான் கைவைத்ததில்லை. ஆகவே பயந்து பயந்துதான் தொடங்கினேன். இந்த விஷயத்தில் பயம் நல்லது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர் என்று உருளை உருளையாக இருக்கும். ஆளைக் கொல்லும் மின்சாரத்தைக் குடித்துவிட்டு அப்பாவி போல் உட்கார்ந்திருக்கும். முதலில் அதை வடிக்க வேண்டும். தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. தெரிந்தவர்களும் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் தொடவேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். நடுவில் இருப்பது நெஞ்சு.

பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்த்தபோது என்னை அறியாமல் “அலமாக்” என்றேன். கம்பிகளைக் கத்தையாகச் சேர்த்து, மெழுகு நூலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே இடைவெளியில், பூச்சரம் கட்டியது போல. எந்த ஊரில் எந்தக் கை கட்டியதோ. ஒரு முடிச்சுக்கூட அவிழவில்லை. உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “இது பொம்பள கட்டின முடிச்சு” என்றாள்.

ரொம்ப நாள் தூங்கிய ஆம்ப்புக்கு நேராக மின்சாரம் கொடுக்கக் கூடாது. பழைய இழை பல்பு ஒன்றை நடுவில் மாட்டி, அது வழியாகக் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம்.

முதல் தடவை அது பாதிதான் மங்கியது; பெரியம்மா போர்ச்சில் வாசித்துப் பார்த்ததும் அந்த நிலையில்தான். இரண்டு கெப்பாசிட்டர்கள் கர்ப்பிணி வயிறு போல உப்பியிருந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் நண்பன் கதிர் புதியவை வாங்கி வந்து கொடுத்தான், கூடவே ஒரு ஜோடி புது வால்வும். கெப்பாசிட்டர்களை மாற்றியதும் பல்பு பளிச்சென்று எரிந்து, பெருமூச்சு விட்டாற்போல் மங்கியது. உறுமலும் போனது.

கடுகு மட்டும் வெடித்துக்கொண்டே இருந்தது.

தங்காக்கில் ஒரு கூத்து

இடையில் கல்யாணச் சேலை எடுக்க, துணிக்கடைகள் நிறைந்த தங்காக் ஊருக்குப் போனோம். ஒரு வேனில் இரண்டு குடும்பம். கடை கடையாக ஏறி இறங்கி, பெண்கள் கூறைச்சேலையை முடிவு செய்தார்கள். பெரியம்மாவை மட்டும் காணவில்லை.

தேடிப்போனால், கடையின் கடைசியில் திரைத்துணிச் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு துணியைப் போடுவார், காதை வைத்துக் கேட்பார், எடுப்பார், வேறு துணியைப் போடுவார்.

கடைக்காரப் பையன் என்னிடம் மெதுவாக, “அங்கிள், இந்த ஆன்ட்டிக்கு என்னா வேணும்?” என்று கேட்டான்.

“ஸ்பீக்கருக்கு முன்னால கட்டற துணி தம்பி. பழசு கிழிஞ்சி போச்சி.”

“நான் கர்டனுக்குன்னு நெனச்சேன். நல்ல திக்கா பாத்து எடுத்துக் குடுத்தேனே!”

“திக்கு வேணாம்யா,” என்றார் பெரியம்மா திரும்பிப் பார்க்காமலே. ஒரு துணியை வாயருகே வைத்து ஊதினார். மறுபக்கம் என் முகத்தில் காற்று பட்டது. “இது மூச்சு விடுது. இதுல ரெண்டு மீட்டர் வெட்டு.”

மயில் கழுத்து நிறம். ஓரத்தில் மெல்லிய சரிகை. ஆம்ப்புக்குச் சரிகையா என்று மாலினி சிரித்தாள்.

“கல்யாணத்துக்கு வருது இல்ல? அதுவும் உடுத்திக்கட்டும்,” என்றார் பெரியம்மா.

மழை வந்தால் கடுகு வெடிக்கும்

இனி அந்தக் கடுகு. குறை கண்டுபிடிப்பதில் ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ஒன்றை மாற்று, பார். மறுபடி ஒன்றை மாற்று, பார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

மீ நூடுல்ஸ் கடையில் கொடுத்த மரக் குச்சியால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஓர் ஓரத்தில் நின்ற பெரிய வால்வைத் தட்டினால் சத்தம் அதிகமானது. சரி, இவன்தான் திருடன் என்று கதிர் கொண்டுவந்த புது வால்வை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த புது வால்வை என் கையிலிருந்து வாங்கினார். சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலம். விரலை நனைத்து மூன்று கோடு, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இப்ப மாட்டு” என்றார்.

அவர் அப்படித்தான். ஓட்டிய பஸ் எதற்கும் எலுமிச்சம்பழம் வைக்காமல் முதல் நாள் எடுத்தது கிடையாது. ஆயுத பூசையன்று சுத்தியல், ஸ்பேனர், தையல் மெஷின், அரிசி குக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஆம்ப்புக்குத் தனி மரியாதை. மற்றவர்கள் வெளியே பொட்டு வைப்பார்கள். பெரியப்பா பின்பலகையைக் கழற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் சந்தனம் பூசி, விபூதி இட்டு, பன்னீர் தெளித்து, சூடம் காட்டுவார். “உசுரு உள்ளதானே இருக்கு?” என்பார். ஆம்ப் அலமாரி மேல் கிடந்த வருடங்களிலும் பூசை மட்டும் தவறவில்லை.

புது வால்வு மாட்டியும் கடுகு வெடித்தது. வால்வுகளை இடம் மாற்றினேன். திருடன் இடம் மாறவில்லை. வெடிப்பு அதே ஓரத்தில்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். வெயில் காயும் மத்தியானத்தில் அது நல்ல பிள்ளை. சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்தால் பேயாட்டம்.

இத்தனை நாளும் நான் உள்ளே துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். தூசியைத் துடைத்தேன், பல்லி எச்சத்தைத் துடைத்தேன். விபூதி, சந்தனத்தைச் சுற்றி மட்டும் துணியை வளைத்து எடுத்துக்கொண்டு போனேன். சாமி காரியம், கை போகவில்லை. மழைக்கும் கடுகுக்கும் என்ன உறவு என்று யோசித்தபடி அந்த ஓரத்து வால்வைப் பிடுங்கி, அது உட்காரும் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்தேன்.

ஓட்டைகளுக்கு நடுவில் சாம்பலும் சிவப்புமாக ஒரு பாறை. குச்சியால் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

வருடா வருடம் பூசியது பன்னீரோடு கரைந்து, கண்ணாடியில் வழிந்து, சாக்கெட்டுக்குள் இறங்கி இறுகியிருக்கிறது. மழைக்காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். ஈரமானால் ஓட்டைக்கு ஓட்டை மின்சாரம் தாவும். எல்லாரும் ரசித்த அந்த வாசனையும், எல்லாரையும் படுத்திய அந்த வெடிப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

யார் சொல்வது?

பேசாமல் சாக்கெட்டை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் மனுஷனிடம், உங்கள் பூசைதான் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? மற்ற குழுக்களின் ஆம்ப் எல்லாம் மேடையில் புகைந்தபோது இது புகையாததற்குக் காரணம் பூசைதான் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்.

ஆனால் கல்யாணத்தன்று காலையில் அவர் மறுபடி பூசை போடுவார். பன்னீர்ச் செம்போடு வருவார். அன்று சாயங்காலம் பெரியம்மா மேடையில் உட்காருவார்.

“நீயே சொல்லேன்,” என்று உங்கள் அம்மாவிடம் கெஞ்சினேன்.

“ஒங்க சகல, நீங்க சொல்லுங்க. எனக்குக் கல்யாணச் சாப்பாடு வேணும்.”

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் இருவரையும் வரச் சொன்னேன். வால்வை மாட்டி, ஆம்ப்பைப் போட்டு, போர்ச் விளக்கை அணைத்தேன். சந்தனம் மணந்தது. பிறகு ‘பட்’. சாக்கெட்டில் குட்டியாக ஒரு நீலப் பொறி. அந்த வெளிச்சத்தில் விபூதி தெரிந்தது. மறுபடி ‘பட்’.

பெரியப்பா குனிந்து பார்த்தார்.

“சாமிக்குக் கோவமா தம்பி?”

“சாமி இல்லண்ணே. ஈரம். பன்னீர் கீழ எறங்கிருச்சி.”

பெரியம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. “வருஷா வருஷம் புடிச்சிக் குளிப்பாட்டினா? சளி புடிக்காதா அதுக்கு?”

உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருப்பேன், பெரியப்பாவின் முகத்தைப் பார்த்திருக்காவிட்டால். அவர் விளக்கைப் போட்டார். ஹெல்மெட்டை எடுத்தார்.

“டீ போட்டாச்சி மாமா,” என்றாள் உங்கள் அம்மா, சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

“வேணாம்மா. பஸ்ஸுக்கு எண்ண ஊத்தணும்.”

மோட்டார் சைக்கிள் தெரு முனை திரும்பும்வரை பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் வாய அடக்கியிருக்கணும்,” என்றார்.

எரிந்து கருகிய சாக்கெட்டைச் சுத்தம் செய்து பயனில்லை. பீங்கானில் புதியது வாங்கிப் போட்டேன். எல்லா வால்வுகளையும் வெறும் கண்ணாடி தெரியும்வரை துடைத்தேன். துடைக்கும்போது மனதுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். மழையில் வைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை. மயில் கழுத்துத் துணியை இழுத்துக் கட்டினேன்.

பெரியம்மா வந்து வாசித்துப் பார்த்தார். கண் கலங்கினார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

“சத்தம் முந்தி மாரியே இருக்கு தம்பி. வாசனதான் போச்சி.”

பெரியப்பா அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. கல்யாண வேலை என்று சொல்லி அனுப்பினார்.

பன்னீர்ச் செம்பு

கல்யாண டின்னர் மாசாயில் ஒரு மண்டபத்தில். பழைய குழுவில் வர முடிந்தவர்கள் வந்திருந்தார்கள். ட்ரம்ஸ்காரருக்கு மூட்டுவலி, பாடகருக்குப் பல்செட். ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டே வயர்களைச் சொருகினார்கள். நான் வேட்டியோடு ஆம்ப்புக்குப் பின்னால் குந்தியிருந்தேன். இடுப்பில் துடைக்கும் துணி. அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

பெரியம்மா கூறைப்பட்டு மாதிரி கனமான சேலையில் வந்து உட்கார்ந்தார். கிடாரின் கழுத்தைப் பிடிக்கும் இடது கையைச் சேலை மடிப்புக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணமேடையில் மாலினி மாப்பிள்ளையிடம் எதையோ சொல்லி, அம்மாவைக் கைகாட்டினாள்.

அப்போது வாசலில் இருந்து பெரியப்பா வந்தார். வரவேற்பு மேசையிலிருந்த சந்தன, குங்குமக் கிண்ணம் ஒரு கையில், பன்னீர்ச் செம்பு மறு கையில். நேராக ஆம்ப்பை நோக்கி.

நான் எழுந்து, கோல் கீப்பர் மாதிரி குறுக்கே நின்றேன்.

“நவுரு லா,” என்றார்.

“அண்ணே, இப்ப வேணாண்ணே. சூடா இருக்கு. ஒரு சொட்டு பட்டாலும்…”

“தெரியும். நவுரு.”

என்னைத் தாண்டிப் போனார். ஆம்ப்பையும் தாண்டிப் போனார். பெரியம்மாவின் முன்னால் குனிந்தார்.

“கையக் குடு.”

“எதுக்கு? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அந்தக் கை இல்ல, வலிக்கிற கை.”

பெரியம்மா சேலை மடிப்பிலிருந்து இடது கையை எடுத்தார். பெரியப்பா, பஸ் ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன தன் விரலால் சந்தனத்தை எடுத்து, வீங்கிய ஒவ்வொரு மூட்டிலும் வைத்தார். ஒவ்வொரு சந்தனத்தின் மேலும் குங்குமம். பிறகு தன் இரண்டு கையாலும் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயுத பூசையில் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் செய்வது போலவே.

செம்பைத் தூக்கினார்.

“பன்னீர் வேணாம்,” என்றார் பெரியம்மா. “வழுக்கும். இதுக்கும் சளி புடிச்சிக்கும்.”

பெரியப்பா சிரித்தார். செம்பிலிருந்த பன்னீரை என் தலையில் தெளித்தார்.

பெரியம்மா வாசித்தார். ஓர் இடத்தில் விரல் தவறியது. கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஆம்ப்புக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. கடைசி வரியில் ஒரே ஒரு கம்பியை மட்டும் தொட்டு விட்டார். அது மணியாகக் கிளம்பி, தேனாக இழுபட்டு, அந்த மண்டபத்தில் தானாகவே ஓய்ந்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் கைதட்டினார்கள். மாலினி மணமேடையை விட்டு இறங்கி ஓடி வந்தாள்.

மகளைக் கட்டிக்கொள்ள இரண்டு கையும் வேண்டுமே. பெரியம்மா கிடாரை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். கழுத்து முழுக்க மஞ்சளும் சிவப்புமாக அப்பியிருந்தது. ஒவ்வொரு கட்டையிலும், ஒவ்வொரு கம்பியிலும், அவர் விரல் போன வழியெல்லாம். குப்பென்று சந்தனம் மணந்தது.

பழக்கத்தில் கை இடுப்புத் துணிக்குப் போனது. உருவி எடுத்தேன். பிறகு அதை மடித்து, மறுபடியும் இடுப்பிலேயே சொருகிக்கொண்டேன்.